டியூப் லைட்டின் கோடு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிஸ்டலில் குறி பார்க்கிற முன் சைட் மறுபடியும் கூர்மையாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இங்கே எல்லோரும் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மாலை நேரம் முழுக்க எனக்கே கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி பாலிஷ் மேசையில்தான் போகிறது.

உன் பிஸ்டல் மேகஸின்களை, அதாவது தோட்டா அடைக்கிற அந்தத் தகட்டுக் குழாய்களை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். இந்த வருஷம் நான் ஆறு செய்தேன், அதில் ஒன்று கெட்டுப்போனது.

எந்த மேகஸின் என்பதை முதலில் பார்த்துக்கொள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் தாராளமாகக் கை வைக்கலாம். நிக்கல் பூச்சு என்றால் வேண்டாம்; பூச்சு மெல்லியது, தேய்த்தால் அடியில் இருக்கும் இரும்பு எட்டிப் பார்க்கும். துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பாகப் புளூயிங் செய்தது என்றால், அந்தக் கறுப்பே இரும்பின் ஆக்ஸைடுதான். வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். ஆனால் அது போனபின் வெறும் கார்பன் ஸ்டீல், உள்ளங்கை வியர்வைக்கே துருப்பிடிக்கும். அப்புறம், உன்னிடம் 1911 மாடல் பிஸ்டலின் பழைய மேகஸின் ஒன்று உண்டே, மேல்பாதி சாம்பல், கீழ்ப்பாதி கறுப்பு என்று இரண்டு நிறத்தில்? அதைத் தயவுசெய்து தொடாதே. தோட்டா வெளியே வருகிற வாயைக் கடினப்படுத்த மேல்பகுதியை மட்டும் சூட்டுப் பதத்தில் முக்கி எடுத்ததால் வந்த நிறம் அது. அந்த நிறம்தான் அதன் வரலாறு. தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

தொடங்கும் முன் பிஸ்டலையும் தோட்டாக்களையும் வேறு அறையில் பூட்டிவிட்டு, மேகஸின் காலிதானா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார். அடித்தட்டை நகர்த்தும்போது கட்டைவிரலால் ஸ்பிரிங்கை அமுக்கியே பிடித்திரு. விட்டால் முகத்துக்கு நேராகச் சீறும். உன் கண்ணுக்கு இப்போதுதான் வைத்தியம் பார்த்திருக்கிறது, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யாதே. ஸ்பிரிங்கும், அதன் மேல் உட்கார்ந்து தோட்டாவைத் தள்ளுகிற ஃபாலோயரும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று ஒரு படம் எடுத்துக்கொள். சுட்டுப் பழகிய மேகஸினுக்குள் ஈயம் கலந்த கரி படிந்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆரம்பி. வேலை முடியும்வரை அந்த மேசையில் டீகூட வேண்டாம்.

இனி தேய்ப்பு. குழாயின் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சும்மா பிடித்துத் தேய்த்தால் உள்ளே அமுங்கி வளையும். அதனால் உள்ளே இறுக்கமாகப் போகிற மாதிரி ஒரு மரக்கட்டையைச் சீவி நுழைத்துக்கொள். வாட்டர் பேப்பரையும் விரலால் அழுத்தாமல் ஒரு தட்டையான கட்டையில் சுற்றித்தான் ஓட்ட வேண்டும். ஆழமான கீறல் இருந்தால் 400, இல்லையென்றால் 600 நம்பரில் தொடங்கி 800, 1000, 1500, 2000 என்று போகலாம். எப்போதும் தண்ணீர் தொட்டு. 600-ஐ நீளவாக்கில் ஓட்டினால் 800-ஐக் குறுக்கே ஓட்டு. குறுக்குக் கோடுகள் மட்டுமே தெரிந்து நீளக்கோடு ஒன்றுகூட இல்லை என்றானபின்தான் 1000-ஐக் கையில் எடு.

இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். 600 நம்பர் தாளில் இருக்கும் துகள் சுமார் 26 மைக்ரான், 2000-இல் சுமார் 10 மைக்ரான். நாம் பார்க்கிற ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். கீறல் அந்த அளவுக்குக் கீழே போனால்தான் உலோகம் கண்ணாடியாகும். ஆக 2000 முடிந்ததும் தெரிவது பால் கலந்த மாதிரி ஒரு மங்கல்தான், அதைப் பார்த்து மனம் தளராதே. மீதியைப் பேஸ்ட் செய்யும். ஆனால் 600 விட்டுப்போன ஒரு கீறலை எந்தப் பேஸ்ட்டும் எடுக்காது. பளபளப்பு ஏற ஏற அது இன்னும் துலக்கமாகத் தெரியும். எனக்கு ஒரு மேகஸினுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது, பாதிக்கு மேல் அந்த முதல் தாளிலேயே.

இரவில் ஒரு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, குழாயை மெதுவாக உருட்டிப் பார். ஒரு கோணத்தில் ஒன்றும் இருக்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் தலைமுடி மாதிரி ஒரே ஒரு கோடு வெள்ளையாக மின்னி மறையும். அதைப் பார்த்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு நம்பர் பின்னால் போய்த் திரும்ப வருவேன்.

பேஸ்ட்டுக்கு நான் வைர பேஸ்ட்தான் பயன்படுத்துகிறேன். 3 மைக்ரான், அப்புறம் 1 மைக்ரான், இரண்டுக்கும் தனித்தனி ஃபெல்ட் துண்டு. ஒன்றின் துகள் இன்னொன்றில் கலந்தால் எல்லாம் வீண். நடுவில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிடு. மோட்டாரில் சுழலும் பஃபிங் வீலில் வெள்ளை அல்லது பச்சைப் பாலிஷ் கட்டி போட்டுச் சீக்கிரம் முடிக்கலாம், ஆனால் எனக்கு அதில் விருப்பம் போய்விட்டது.

காரணம் அந்தக் கெட்டுப்போன மேகஸின். நான்காவது அது. சுழலும் சிறு கருவியில் ஃபெல்ட் முனை மாட்டி ஓட்டினேன். அரைமணியில் பளபளவென்று வந்துவிட்டது, எனக்கும் ஒரே சந்தோஷம். அப்புறம் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நேராக விழ வேண்டிய வெளிச்சக் கோடு தண்ணீரில் ஆடுகிற மாதிரி நெளிந்தது. தோட்டா எண்ணும் துளைகளின் ஓரமெல்லாம் குழிந்து கண்ணீர்த்துளி வடிவமாகியிருந்தது. அதோடு விட்டிருக்கலாம், வாய்ப்பகுதியிலும் ஓட்டிவிட்டேன். மறுநாள் பத்துத் தோட்டா சுடுவதற்குள் இரண்டு தடவை தோட்டா மூக்குக் குத்தி, பிஸ்டலுக்குள் ஏறாமல் நின்றது. தோட்டாவைப் பிடித்து வைத்து, சரியான கோணத்தில் விடுவது வாயின் இரு பக்கமும் வளைந்திருக்கும் அந்த இரண்டு உதடுகள்தான். அங்கே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போனாலும் கணக்குத் தப்பும். அந்த மேகஸினைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், இனி அது பிஸ்டலுக்குள் போகாது.

அதனால் மேலே ஒரு சென்டிமீட்டரையும், பிஸ்டலின் கேட்ச் வந்து மேகஸினைப் பூட்டுகிற வெட்டையும் டேப் ஒட்டி மறைத்துவிடு. வீல் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்து. ஓரத்தை வீலுக்கு எதிராகக் காட்டாதே, பிடுங்கி எறிந்துவிடும்.

முடிந்ததும் உள்ளே பிரஷ் விட்டுக் கழுவி நன்றாகக் காயவை. உள்ளே எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெளியே மெல்லிய மெழுகு ஒரு கை போதும்.

இவ்வளவு செய்து, சுடும் போட்டியில் கழற்றி ஜல்லியில் போடப்போகிற சாமானுக்கு எதற்கு இது என்று கேட்டிருந்தாய். மேகஸின் மாற்றுகிற வேகம் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. அழுக்கு ஒரே துடைப்பில் போகிறது, அது உண்மை. ஆனால் நான் செய்வது அதற்காக இல்லை. நேர்த்தியாகச் செய்த ஒரு தகட்டில் டியூப் லைட் நூல் பிடித்த மாதிரி நேராக விழும்போது, எனக்கு அன்றைய நாள் முழுமையாகிவிடுகிறது. ஜல்லியில் கீறல் விழத்தான் செய்யும். சின்னதென்றால் 1500-இலிருந்து திரும்ப வந்தால் போதும்.

போட்டிக்கு எடுத்துப் போவதை முதலில் தொடாதே. பயிற்சிக்கு வைத்திருக்கும் பழையது ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் செய்து பார். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு, கோடு எங்கே நெளிகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்