கற்களுக்கு நடுவே ஓர் ஊர்

ஸ்விண்டன்,
மே மாத இறுதி

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் செய்தித்தாள் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்தபோது மனம் நிறைந்தது. இந்தக் கடிதத்தைச் சற்றுப் பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். ஒரே மூச்சில் படிக்காமல், ஓய்வாக இரண்டு மூன்று தடவையாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்து இத்தனை நாளாகியும், பெருங்கற்களை வட்டமாக நட்ட பழஞ்சின்னமான ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்தேனா இல்லையா என்று எழுதவில்லையே எனக் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருப்பது அங்கு அல்ல. அதற்கு வடக்கே, இதே வில்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கும் ஏவ்பரி என்ற சிற்றூருக்கு. ஸ்விண்டனிலிருந்து பேருந்து ஏறினால் ஊருக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள். நான்கு முறை போய்விட்டேன். இருபது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து நாம் வரலாறு பேசியவர்கள் என்பதால், அங்கே பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

உலகிலேயே மிகப் பெரிய கல்வட்டம் ஏவ்பரியில் இருக்கிறது. வட்டம் என்றதும் ஊருக்கு வெளியே வேலி போட்டுக் காக்கும் ஒரு திடலை நினைத்துக்கொள்ளாதீர்கள். வட்டத்துக்குள்ளேதான் ஊரின் ஒரு பகுதி இருக்கிறது. தார்ச்சாலை அதன் நடுவே போகிறது. கூரை வேய்ந்த மதுவிடுதி ஒன்று அதற்குள் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்து ரோஜாச் செடிகளுக்குச் சில அடி தூரத்தில், இரண்டு ஆள் உயரக் கல் ஒன்று ஏறத்தாழ 4,500 ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. நுழைவுச்சீட்டு கிடையாது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும் புல்வெளியில் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே நடந்து, கல்லின் மேல் கையை வைக்கலாம். ஸ்டோன்ஹெஞ்சில் கயிற்றுக்கு இப்பால் நின்று தொலைவிலிருந்து பார்த்துவிட்டு வந்த எனக்கு, அந்தக் குளிர்ந்த, சொரசொரப்பான, பாசி படிந்த கல்லில் முதன்முதலாக உள்ளங்கையை வைத்தபோது ஏற்பட்ட உணர்வை எழுத்தில் கொண்டுவரத் தெரியவில்லை.

வட்டத்தைச் சூழ்ந்து ஓர் அகழியும், அதற்கு வெளியே ஒரு மண்கரையும் இருக்கின்றன. காவலுக்கென்றால் அகழியைக் கரைக்கு வெளியே அல்லவா வெட்டுவார்கள்? இங்கே உள்ளே வெட்டியிருப்பதால், இது கோட்டை அல்ல, வழிபாடோ சடங்கோ நடந்த இடம் என்று கருதுகிறார்கள். இன்று அகழி பாதி தூர்ந்திருக்கிறது. ஆதியில் அதன் ஆழம் 9 மீட்டர் வரை இருந்ததாம். இரும்பும் இல்லை, வெண்கலமும் இல்லை. உதிர்ந்த மான்கொம்புகளைக் கடப்பாறையாகக் கொண்டு, வெள்ளைச் சுண்ணப்பாறையைக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். வெளிவட்டத்தில் மட்டும் சுமார் 100 கற்கள் இருந்தன. வடக்கு வாயிலருகே, பேருந்து உரசிக்கொண்டு போவதுபோலச் சாலையை ஒட்டி நிற்கும் ஒரு கல் 60 டன்னுக்கும் மேல் எடையுள்ளதாக மதிப்பிடுகிறார்கள். நட்ட நாளிலிருந்து ஒரு முறைகூட அது சாய்ந்ததில்லை.

ஆனால் நண்பரே, என்னை அங்கே நெடுநேரம் நிற்க வைத்தவை நிற்கும் கற்கள் அல்ல. கற்களுக்கு இடையே, முழங்கால் உயரத்துக்குக் கூட வராத சின்னச் சின்ன சிமெண்ட் கட்டைகள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. இங்கே ஒரு கல் இருந்தது, இப்போது இல்லை என்று சொல்வது மட்டுமே அவற்றின் வேலை. முதல் நாள் அவற்றைக் கவனிக்காமலே நடந்துவிட்டேன். இரண்டாம் முறை போனபோது கட்டைகளை எண்ணத் தொடங்கி, கற்களைவிட அவையே அதிகமாக இருக்கும் பக்கங்களைக் கண்டு மனம் கனத்துப் போனது.

அந்தக் கற்கள் எங்கே போயின? 14ஆம் நூற்றாண்டில் ஊர்மக்கள் பல கற்களைக் குழி தோண்டிச் சாய்த்துப் புதைத்திருக்கிறார்கள். பழைய சமயத்தின் சின்னங்கள் என்ற அச்சமா, உழுவதற்கு இடைஞ்சலா, காரணத்தை அவர்கள் எழுதி வைக்கவில்லை. 1938இல் அப்படிப் புதைந்த கல் ஒன்றை எடுத்தபோது அதனடியில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. கூடவே ஒரு கத்தரிக்கோல், ரத்தம் எடுக்கும் கருவி போன்ற ஓர் ஊசி, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த வெள்ளிக் காசுகள். முடி திருத்துவதும் சிறு வைத்தியம் பார்ப்பதுமாக ஊர் ஊராகப் போனவன் என்று கொண்டு, அந்தக் கல்லுக்கே நாவிதர் கல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்லைச் சாய்க்கும்போது நசுங்கி இறந்தான் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிற்காலத்தில் எலும்பை ஆராய்ந்தவர்கள் அதை அவ்வளவு உறுதியாக ஏற்கவில்லை. வந்த ஊரில், தன் கத்தரிக்கோலோடு மண்ணுக்குள் போன அந்தப் பெயர் தெரியாத மனிதனை நினைத்துக்கொண்டு அந்தக் கல்லருகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

புதைத்ததாவது பரவாயில்லை, மண் காப்பாற்றி வைத்தது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் நடந்ததுதான் கொடுமை. குழி வெட்டி, வைக்கோலை நிரப்பி, கல்லை அதில் சாய்த்துத் தீமூட்டி, நன்றாகச் சூடேறியதும் அதன் மேல் குளிர்ந்த நீரை ஒரே கோடாக ஊற்றிச் சம்மட்டியால் அடித்துப் பிளந்திருக்கிறார்கள். பிளந்த கற்கள் வீட்டுச் சுவர்களாயின. அந்தக் காலத்தில் அங்கே ஆண்டுதோறும் வந்து, உடைபடும் கற்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்து வைத்தவர் வில்லியம் ஸ்டூக்லி என்ற மருத்துவர். 1719 முதல் 1724 வரை அவர் வரைந்த படங்கள் இல்லையென்றால், இன்றைய சிமெண்ட் கட்டைகளில் பலவற்றை எங்கே நடுவது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கும் முன்னால், 1649ஆம் ஆண்டு ஜனவரியில் வேட்டைக்கு வந்த ஜான் ஆப்ரி என்ற தொல்பொருள் ஆர்வலர் இந்தக் கற்களை முதன்முதலில் அடையாளம் கண்டு, ஊர்க்கோயிலைவிடப் பேராலயம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு இது ஸ்டோன்ஹெஞ்சைவிடப் பெரியது என்று எழுதி வைத்தார்.

காப்பாற்றியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1871 வாக்கில் வட்டத்துக்குள் வீட்டுமனைகள் விற்பனைக்கு வந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினரும் வங்கியாளருமான ஜான் லபக் அந்த நிலத்தைத் தானே வாங்கித் தடுத்தார். தொன்மைச் சின்னங்களைக் காக்கும் முதல் சட்டம் 1882இல் இந்த நாட்டில் நிறைவேறியதும் அவருடைய பல ஆண்டு முயற்சியால்தான். பின்னாளில் பிரபு பட்டம் கிடைத்தபோது ஏவ்பரி என்ற பெயரையே அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

அடுத்தவர் அலெக்சாண்டர் கெய்லர். மார்மலேட் என்ற ஆரஞ்சுப் பழப்பாகு தயாரித்துச் செல்வம் சேர்த்த குடும்பத்தின் வாரிசு. 1930களில் நிலத்தை வாங்கி, புதைந்த கற்களைத் தோண்டியெடுத்து, அவை நின்ற அதே குழிகளில் மீண்டும் நிறுத்தினார். போர் வந்து வேலை நின்றது. 1943இல் நிலத்தை பழஞ்சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விற்றுவிட்டார். அவருடைய உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் வட்டத்தைத் துலக்குவதற்காக அதற்குள்ளிருந்த வீடுகள் சிலவும் இடிக்கப்பட்டன என்பதை அறிந்தபோது என் மனம் ஒப்பவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கற்களோடு வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. கற்களின் வரலாறு 4,500 ஆண்டு என்றால் அந்த வீடுகளின் வரலாறும் அதில் ஒரு பகுதிதானே? இடிந்த கல்லுக்கு ஒரு கட்டை நட்டார்கள். இடிந்த வீட்டுக்கு எதுவும் நடவில்லை. இதைப் பற்றி உங்கள் எண்ணத்தை அவசியம் எழுதுங்கள்.

வட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் நடப்பதுதான் ஏவ்பரியின் பெரும் பேறு. தெற்கு வாயிலிலிருந்து இரண்டு வரிசைக் கற்களுக்கு நடுவே ஒரு பாதை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீண்டிருந்தது. வடபகுதிக் கற்களைக் கெய்லர் மீண்டும் நிறுத்தியிருக்கிறார். ஒரு பக்கம் நெடிதுயர்ந்த கல், எதிரே அகன்ற கல் என இணை இணையாக வருகின்றன. அந்த வழியே நடக்கும்போது கால் தானாகவே நிதானப்படுகிறது. இங்கே வயல்களின் குறுக்கே பொதுவழி என்று சட்டப்படி ஒதுக்கிய நடைபாதைகள் உண்டு; நிலம் யாருடையதானாலும் அந்தப் பாதையில் நடக்க நமக்கு உரிமை இருக்கிறது. கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சிறு குன்றொன்றைத் தாண்டினால் சில்பரி மேடு தென்படும். சுமார் 30 மீட்டர் உயரம். முழுவதும் மனிதர் கையால் குவித்தது. ஐரோப்பாவில் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் எழுந்த மேடுகளில் இதுவே பெரியது. கீசாவின் பிரமிடுகள் எழுந்த காலத்தை ஒட்டியதுதான் இதுவும். 1776இல் உச்சியிலிருந்து கீழ்நோக்கியும், 1849இல் பக்கவாட்டிலும், 1968இல் மறுபடியும் குடைந்து பார்த்தார்கள். புதையலும் இல்லை, அரசன் சமாதியும் இல்லை. பழைய குழி சரியாக மூடப்படாததால் 2000ஆம் ஆண்டில் உச்சி உள்வாங்கிவிட்டது. பிறகு சுண்ணப்பாறைத் தூளைக் கொண்டு உள்ளே நிரப்பிச் சரிசெய்தார்கள். இப்போது மேலே ஏறக்கூடாது. கீழே நின்று பார்த்தாலே போதும்.

சாலையைக் கடந்து எதிர்ச்சரிவில் ஏறினால் மேற்கு கென்னட் நெடுங்கல்லறை. 100 மீட்டர் நீளமுள்ள மண்மேட்டின் கிழக்கு முனையில், பெருங்கற்களுக்குப் பின்னால் ஐந்து அறைகள். கல்வட்டத்துக்குப் பல நூறு ஆண்டுகள் முற்பட்டது, கி.மு. 3650 அளவில் கட்டப்பட்டது. ஆண், பெண், குழந்தை என முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் இங்கே கிடைத்தன. குனிந்து உள்ளே போனேன். வெளியே காற்று இரைந்துகொண்டிருந்தது. உள்ளே வந்ததும் என் மூச்சு எனக்கே கேட்டது. அறையின் மூலையில் யாரோ காட்டுப்பூக்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற வாரம், ஊருக்குக் கிழக்கே ஃபைஃபீல்டு மேட்டுநிலத்துக்கு நடந்தேன். வட்டத்துக்குக் கற்கள் இந்த மேட்டு நிலங்களிலிருந்துதான் போயின. புல்லில் நூற்றுக்கணக்கான சாம்பல்நிறக் கற்கள் கிடக்கின்றன. தூரத்தில் பார்த்தால் படுத்திருக்கும் ஆடுகளே என்று தோன்றும், அதனால் ஊரார் அவற்றைச் சாம்பல் கிடாய்கள் என்றே அழைக்கிறார்கள். அவற்றினிடையே கற்கோடரிகளைத் தீட்டிய ஒரு கல் இருக்கிறது. தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு பக்கத்தில் இணையாகச் சில நீண்ட பள்ளக் கோடுகள். பக்கத்திலேயே ஒரு வழவழப்பான குழிவு. சுற்றிலும் கல் சொரசொரப்பாக இருக்க, அந்த இடம் மட்டும் நம் வீட்டுப் பழைய அம்மியின் நடுப்பகுதிபோல் இழைந்திருந்தது. விரலை வைத்தேன், பள்ளம் என் விரலின் அகலத்துக்குச் சரியாக இருந்தது. மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. யாரோ ஒருவர் இங்கே முழங்காலிட்டு, நீர் ஊற்றி ஊற்றி, நாள்கணக்கில் தேய்த்திருக்கிறார்.

செப்டம்பர் வரை இங்கேதான் இருப்பேன். மருத்துவர் பயணத்துக்கு அனுமதித்தால், உங்கள் மகன் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னதை இந்த ஆண்டே நிறைவேற்றிக்கொள்ளுங்கள். மாடியறை உங்களுக்காகக் காலியாக இருக்கிறது. சுண்ணப்பாறைப் பாதை மழையில் வழுக்கும். அடிப்பிடிப்புள்ள ஒரு ஜோடி காலணி மட்டும் வாங்கி வாருங்கள், மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது. வீட்டில் அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்