ஷூ கேட்டால் பாதையைக் கேட்கிறோமே, ஏன்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மஸ்கட்டில் வெயில் தணியத் தொடங்கிவிட்டது. இனி ஏப்ரல் வரை, வெள்ளிக்கிழமை வந்தால் மலைக்குக் கிளம்பும் காலம்.

போன வாரம் ஒரு தம்பி கடைக்கு வந்து, கைப்பேசியில் ஓமானின் ஜெபல் ஷம்ஸ் மலைப் படத்தைக் காட்டி, "அண்ணே, இங்க போறதுக்கு நல்ல ஷூ ஒண்ணு வேணும்" என்றார். எந்தப் பாதை என்று கேட்டோம். "மலைக்குத்தான்" என்றார். இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

ஜெபல் ஷம்ஸில் பலரும் போகும் பாதைகள் இரண்டு. ஒன்று, டபிள்யூ 6 என்று எண்ணிட்ட நடைபாதை. அல் கிதைம் ஊரில் தொடங்கி, பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே போய், ஆட்கள் கைவிட்டுப்போன ஒரு பழைய குடியிருப்பில் முடியும். போக வர ஏழெட்டு கிலோமீட்டர், நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பல நூறு மீட்டர் பள்ளம். உயரம் கண்டால் தலை சுற்றுபவர்களும், கையைப் பிடித்தால் உதறிக்கொண்டு ஓடும் வயதுக் குழந்தைகளும் அங்கே வேண்டாம். மற்றொன்று டபிள்யூ 4. கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரமுள்ள தெற்குச் சிகரத்துக்குப் போவது. திரும்பி வர பத்து மணி நேரத்துக்குக் குறையாது. டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அப்படியானால் விடியும் முன்பே நடக்கத் தொடங்க வேண்டும், ஸ்வெட்டரும் தலைவிளக்கும் பையில் இருக்க வேண்டும். படத்தில் இரண்டும் ஒரே மலைதான். காலுக்குத்தான் வேறு வேறு.

முதல்முறை நடப்பவர்களை நாங்கள் மஸ்கட்டின் பழைய துறைமுகப் பகுதியான மத்ராவுக்கு அனுப்புகிறோம். ரியாம் பூங்கா அருகே ஏறி, பழைய ஊருக்குள் இறங்கும் சி 38 பாதை. இரண்டு மணி நேரம் போதும். மேலேயிருந்து துறைமுகம் தெரியும்போது, இத்தனை வருஷம் காரில் கடந்த இடமா இது என்று தோன்றும். ஆனால் அந்தக் கரும்பழுப்புப் பாறை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்காலத்திலும் காலையில் போவதே நல்லது. இந்தப் பாதைகளில் பாறைமேல் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். கொஞ்ச நேரமாக அது கண்ணில் படவில்லை என்றால் முன்னே போகாதீர்கள், கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்புங்கள்.

வாதி என்று இங்கே சொல்லும் ஆற்றுப்பள்ளங்களில் நடக்க ஆசைப்படுபவர்களிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவோம். நானே ஒருமுறை அப்படி ஒரு பள்ளத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் நீல வானம், தூரத்து மலையில் மட்டும் கருமேகம். எங்களுடன் வந்த ஓமானிப் பெரியவர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் மேட்டில் ஏற்றினார். அரை மணி நேரத்தில் நாங்கள் உட்கார்ந்த இடத்தில் செந்நீர் ஓடியது. மழை நம் தலையில்தான் பெய்ய வேண்டும் என்பதில்லை. மொட்டைப் பாறை தண்ணீரைக் குடிக்காது, அப்படியே கீழே அனுப்பிவிடும். மலைப்பக்கம் மழை என்று வானிலை அறிவிப்பு வந்தால் வாதியை விட்டுவிடுங்கள்.

ஷர்க்கியா பாலைவன மணல்மேடுகளில் பாதையே கிடையாது. நம் காலடித் தடத்தையும் காற்று அழித்துவிடும். நீங்கள் தங்கும் கூடாரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள், விடியற்காலையில் நடங்கள். மணலில் கால் புதைவதால் தரையில் போகும் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

தண்ணீர் அரை நாளுக்கு ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். பாதி தீர்ந்ததும், எங்கே நின்றாலும் சரி, திரும்பிவிடுங்கள்.

அப்புறம் ஷூ. வாங்கி இரண்டு மூன்று வருஷம் அலமாரியில் தூங்கிய ஷூவை நம்பி மலையேறாதீர்கள். பல ஷூக்களின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன். மஸ்கட்டின் ஈரக்காற்றிலேயே அது மெல்ல மெல்லச் சிதையும், போடாமல் வைத்திருந்தாலும்கூட. வெளியே புதுசு போலப் பளபளக்கும், மலையில் பாதி வழியில் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிரும். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள், எங்கே வாங்கிய ஷூவானாலும் காசில்லாமல் பார்த்துச் சொல்கிறோம். நன்றாக இருந்தால் புதுசு வாங்கச் சொல்ல மாட்டோம். வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் அதிகம். அதற்கு முந்தைய நாட்களில் வந்தால், உட்கார்ந்து பாதையையும் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
ரூவி, மஸ்கட்