பிலிம் போதாது, முழுப் படங்களையும் தாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஸ்கேன் மையம் நடத்துவோருக்கு,

வணக்கம். திடீர் வலிப்பு, மண்டையைப் பிளக்கும் தலைவலி என்று வருபவர்களுக்கு இங்கே முதல் படம் எடுப்பவர்கள் நீங்கள்தான். மூளை ரத்தக்குழாயில் கோளாறு என்று தெரிந்ததும் சேலத்துக்கோ, பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனைக்கோ ஓடுகிறோம். கையில் இருப்பது இரண்டு பிலிமும் ஒரு பக்க ரிப்போர்ட்டும். என் மைத்துனருக்கும் அவ்வளவுதான் கிடைத்தது. பெரிய மருத்துவமனையில் பிலிமை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

அவருக்கு மூளையில் இருந்தது ஏ.வி.எம். என்ற ரத்தக்குழாய்க் கோளாறு. இடையில் நுண்குழாய்கள் இல்லாமல் தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட முடிச்சு. அதை என்ன செய்வது என்று முடிவெடுக்க, 1986-இல் வந்த ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் தரவரிசையைத்தான் மருத்துவர்கள் இன்றும் கையாளுகிறார்கள். முடிச்சு 3 சென்டிமீட்டருக்குக் குறைவா, 6-ஐத் தாண்டியதா? பேச்சு, பார்வை, கைகால் அசைவு போன்றவற்றுக்கான பகுதியில் இருக்கிறதா? முடிச்சிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரை மூளையின் ஆழத்துக்குப் போகிறதா? இவற்றை வைத்து 1 முதல் 5 வரை தரம் போடுகிறார்கள். தரம் குறைவு என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம். 4, 5 என்றால் கத்தி வைக்காமல் விடுவதே பல நேரங்களில் நல்லது. ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோகிராமில் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுப் படங்கள் இருக்கும். பிலிமில் ஏறுபவை நீங்கள் பொறுக்கிய சில மட்டுமே. அந்த ஆழ்சிரை அச்சேறாத படத்தில் இருந்தால்?

தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செலுத்தி எடுக்கும் டி.எஸ்.ஏ. என்ற ரத்தக்குழாய்ப் படத்தை உங்களிடம் கேட்கவில்லை. எந்தக் குழாய் முதலில் நிரம்புகிறது, எது பிறகு என்பதை நொடி நொடியாகக் காட்டும் அந்தப் பரிசோதனை பெரிய இடத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் நீங்கள் ஏற்கெனவே எடுத்த ஸ்கேனையே திரும்ப எடுப்பானேன்? மீண்டும் கதிர்வீச்சு, மீண்டும் அயோடின் கலந்த காண்ட்ராஸ்ட் ஊசி. சிறுநீரகம் பழுதான சர்க்கரை நோயாளிக்கு அது சின்ன விஷயமா?

ஆகவே, நோயாளி கேட்காமலே குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ மெல்லிய வெட்டுகள் உட்பட எல்லாப் படங்களையும் டைகாம் என்ற, மருத்துவப் படங்களுக்கான பொதுக் கணினிக் கோப்பு வடிவில் கொடுத்தனுப்புங்கள். அதற்கு ஆகும் செலவு, உறைமேல் உங்கள் மையத்தின் பெயரைப் பளபளவென்று அச்சிடும் செலவைவிடப் பெரிதாக இருக்காது. கொடுக்கும் முன் வேறொரு கணினியில் அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் முடிச்சின் அளவையும் சிரை போகும் வழியையும் தவறாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு நோயாளியின் உறவினர்