விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர் எங்கே தங்குவது?

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கோவில்பட்டியில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ரயில், அரசு விரைவுப் பேருந்து, ஆம்னி பஸ் எல்லாவற்றுக்கும் போட்டுக் கொடுப்பேன், பக்கத்திலேயே ஜெராக்ஸ். டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததும் பாதிப் பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, மெட்ராஸ்ல எங்கன தங்குறது?"

கோயம்பேடு இருந்தவரை இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். 2002-இல் திறந்த அந்த நிலையத்தைச் சுற்றி இத்தனை வருடத்தில் எல்லா விலையிலும் லாட்ஜ்கள் வந்துவிட்டன. 2015-க்குப் பிறகு மெட்ரோவும் வாசலுக்கே வந்தது. இறங்கி, நடந்து, அறை எடுத்து, குளித்து, வேலையைப் பார்க்கப் போகலாம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் முனையம் திறந்து, அடுத்த மாதமே தென்மாவட்ட வண்டிகள் அங்கே போய்விட்டன. முனையத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. விசாலமான இடம், சுத்தமான கட்டடம், தாம்பரம், பெருங்களத்தூர் நெரிசலுக்குள் நூற்றுக்கணக்கான வெளியூர் வண்டிகள் நுழையாமல் நிற்பது நகரத்துக்கு நல்லதுதான். ஆனால் பேருந்தை நகரத்தின் விளிம்பில் நிறுத்தியபோது, அதில் வந்தவர் அங்கிருந்து எங்கே போய்த் தலைசாய்ப்பார் என்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதற்கென்றே உங்கள் குழுமம் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

யார் வருகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயிலில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்களில் படுக்கை மளமளவென்று தீர்ந்துவிடும். கல்யாணத்துக்குப் போகிறவருக்குத் தேதி முன்பே தெரியும், அவருக்கு ரயில் கிடைக்கும். "வர்ற திங்கட்கிழமை ஸ்கேனோட வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய நோயாளிக்குக் கிடைக்காது. வியாழக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு என்று செய்தி வந்த பிள்ளைக்கும் கிடைக்காது. தத்காலும் கைகொடுக்காவிட்டால் அவர்களெல்லாம் பேருந்தில்தான் ஏறுகிறார்கள். அவசரமாகவும் கவலையோடும் குறைந்த காசோடும் வருகிறவர்கள்தான் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள். வசதியாகத் திட்டமிட்டு வருகிறவர் எழும்பூரில், ஊருக்கு நடுவே இறங்கிக்கொள்கிறார்.

இப்போது என் கடையில் நான் சொல்லும் பதிலைக் கேளுங்கள். விலையைப் பார்த்து லாட்ஜ் பிடிக்காதீர்கள், போகவேண்டிய இடத்தைச் சொல்லுங்கள் என்பேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு என்றால், நோயாளி நடந்து போகும் தூரத்தில், காந்தி நகர், கஸ்தூரிபாய் நகர்ப் பக்கமே தங்குவது நல்லது. அறை நூறு இருநூறு கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. கீமோ ஏற்றிய உடம்போடு பஸ் மாறச் சொல்லக் கூடாது. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கு என்றால் பெரியமேடு அல்லது எழும்பூர். கிண்டி கிங் வளாகத்தில் 2023 ஜூனில் திறந்த பெரிய அரசு மருத்துவமனைக்கு என்றால் சைதாப்பேட்டை, கிண்டி போதும். தாம்பரத்தில் தங்கி மின்சார ரயிலில் வந்தாலும் தவறில்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்களுக்கு, பாரிமுனையில் தேர்வாணைய அலுவலகத்துக்கு, கோட்டைக்கு, உயர்நீதிமன்றத்துக்கு என்றால் எழும்பூரை விட்டு வேறெங்கும் போக வேண்டாம் என்பேன். புறநகர் ரயில், மெட்ரோ, வெளியூர் ரயில், மாநகரப் பேருந்து நான்கும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். பூங்கா, கோட்டை, கடற்கரை மூன்றும் அடுத்தடுத்த நிறுத்தங்கள்.

என் அனுபவத்தில் சென்னையில் தங்குமிடத்தைத் தீர்மானிக்க வேண்டியது தூரம் இல்லை, ரயில் பாதை. பாதையை ஒட்டி இருக்கும் தாம்பரத்தில் தங்கினவர் எழும்பூருக்கு நிம்மதியாகப் போய்ச் சேருகிறார். பாதையை விட்டு விலகி, கிலோமீட்டர் கணக்கில் பக்கத்திலேயே தங்கினவர் இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஆட்டோ பிடித்து, காலைப் பொழுதை இழந்துவிடுகிறார். இது சென்னைக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல்முறை வருகிறவருக்கு இதை யார் சொல்வது?

சிக்கலின் ஆணிவேர் நேரம். எங்கள் பக்கமிருந்து மாலையில் ஏறினால் விடியற்காலை நாலு, ஐந்துக்கு வண்டி உள்ளே நுழையும். சென்ற மழைக்காலத்தில் என்னிடம் டிக்கெட் எடுத்த ஒரு தம்பதிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி, காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். நாலேகாலுக்கு இறங்கி, ஆட்டோ பிடித்து ஒரு லாட்ஜுக்குப் போயிருக்கிறார்கள். மேஜைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து, லெட்ஜரை விரித்து, ஆதாரை வாங்கிக்கொண்டு சொன்னாராம்: "எங்களுக்கு மதியம் பன்னெண்டு மணிக்குக் கணக்கு முடிஞ்சிரும். இப்ப ரூம் குடுத்தா இன்னிக்குப் பன்னெண்டுக்குக் காலி பண்ணணும், இல்லாட்டி ரெண்டு நாள் வாடகை." அவர்களுக்கு வேண்டியிருந்தது பல் விளக்க, குளிக்க, ஒரு மணி நேரம் முதுகைச் சாய்க்க ஓர் இடம். ரிசல்ட் வாங்க மறுநாளும் தங்க வேண்டியிருந்ததால் இரண்டு நாள் வாடகையையும் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் அந்த அண்ணன் என்னிடம் காட்டிய ரசீதில், மருந்துக்கு ஆனதைவிட அறைக்கு ஆனது அதிகம். லாட்ஜ்காரர் சட்டத்தை மீறவில்லை. எழும்பூரில் இருபத்துநாலு மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் பழைய லாட்ஜ்கள் இன்னும் உண்டு. எது அப்படி, எது பன்னிரண்டு மணிக் கணக்கு என்பது போய்க் கேட்டால்தான் தெரியும். கையில் பையும் எக்ஸ்ரே கவருமாக விடியற்காலையில் எத்தனை படி ஏறி இறங்க முடியும்?

லாட்ஜ் வாடகை உங்கள் அதிகாரத்தில் வராது என்பது தெரியும். ஆனால் முனையத்தின் சுவர் அரசின் கையில்தான் இருக்கிறது. வண்டி வந்து நிற்கும் பக்கத்தில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, பாதை வாரியாக ஒரு பெரிய படம் வையுங்கள். எந்த ரயில் நிலையத்தில் இறங்கினால் எந்த மருத்துவமனை, எந்த அலுவலகம், எங்கே தங்குமிடங்கள் அதிகம் என்று தமிழில், தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தில் இருக்கட்டும். மாநகரப் பேருந்து நிற்கும் இடத்தில் 70வி, 21ஜி என்று எண்ணை மட்டும் எழுதினால் சென்னைக்காரருக்குப் போதும். எங்கள் ஊர்க்காரருக்கு "அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டி" என்று எழுதியிருக்க வேண்டும். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில் டிக்கெட் உள்ளவர்களுக்கு ஓய்வறை உண்டு. அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வருகிறவர்களுக்காக மாநகராட்சி நடத்தும் காப்பகங்கள் உண்டு. இந்தக் காப்பகங்களைப் பற்றி நான் சொல்லும்போது கடையில் நிற்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அந்த விவரமும் அதே சுவரில் ஏறட்டும். சுவருக்குப் பக்கத்தில், இரவு பத்து முதல் காலை எட்டு வரை, வழி சொல்ல ஓர் ஆள் உட்கார்ந்திருக்கட்டும். பகலில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பகலில் நாலு பேரைக் கேட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது நகரத்துக்குள் போய்வரும் செலவு. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் முன்பு 50 ரூபாய்க்கு ஒரு நாள் சீட்டு இருந்தது. நடத்துநரிடமே வாங்கி, நாள் முழுக்க எந்த வண்டியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். 2018 ஜனவரியில் கட்டணத்தை உயர்த்தியபோது அதை நிறுத்திவிட்டார்கள். மாதச் சீட்டு தொடர்ந்தது, அது உள்ளூர்க்காரருக்கு. போனது வெளியூர்க்காரருடைய சீட்டு. வழி தெரியாமல் தவறான வண்டியில் ஏறி இறங்குகிறவருக்குத்தான் அந்தச் சீட்டின் அருமை தெரியும். ஒவ்வொரு தவறுக்கும் மறுபடி காசு கொடுக்க வேண்டாம். மெட்ரோவில் ஒரு நாள் சுற்றுலா அட்டை உண்டு: 150 ரூபாய் கொடுத்து வாங்கி, நாள் முழுக்கப் போய்வந்து, அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் 50 ரூபாய் கைக்கு வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது மெட்ரோவுக்கு மட்டும். மெட்ரோவோ விமான நிலையத்தோடு நிற்கிறது. அங்கிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கிலோமீட்டர் நீட்டிப்பு பேச்சிலும் திட்ட அறிக்கையிலும்தான் இருந்து வந்திருக்கிறது. புறநகர் ரயில் பக்கத்திலேயே ஓடினாலும், முனையம் திறந்த நாளில் அதற்கென்று ஒரு ரயில் நிலையம் இல்லை. வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. ரயில் நிலையமும் முனையமும் ஒரே நாளில் திறந்திருக்க வேண்டியவை.

நீங்கள் 2025 செப்டம்பரில் தொடங்கிய 'சென்னை ஒன்று' செயலி உண்மையிலேயே பெரிய வேலை. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்கலாம் என்பதை என் கடைக்கு வரும் இளைஞர்களிடம் நானே சொல்கிறேன், சிலருக்கு ஏற்றியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்கு, யுபிஐ இல்லாதவருக்கு, இரவெல்லாம் பேருந்தில் வந்து சார்ஜ் இறங்கிப்போனவருக்கு அந்தச் சலுகை போய்ச் சேராது. அதனால் மூன்றிலும் செல்லுகிற ஒரு நாள் சீட்டு ஒன்று ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டும். கிளாம்பாக்கத்தில் ஒரு கவுண்ட்டர், மாதவரத்தில் ஒன்று, எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ஒவ்வொன்று போதும். மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் செல்லும் சிங்காரச் சென்னை அட்டையிலேயே ஏற்றிக் கொடுத்தாலும் சரி. ரயில்வேயைச் சம்மதிக்க வைப்பது சுலபம் இல்லை என்று ஊகிக்கிறேன். அதற்காகக் காத்திருக்காமல் பஸ்ஸையும் மெட்ரோவையும் மட்டும் சேர்த்து முதலில் தொடங்கலாம். பெண்களுக்கு முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய சாதாரணக் கட்டண வண்டிகளில் பயணம் இலவசம். வெளியூர்ப் பெண்ணுக்கும் அது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியவில்லை, "அது மெட்ராஸ்காரங்களுக்கு மட்டும்" என்று நினைத்துக்கொண்டு டீலக்ஸில் ஏறிவிடுகிறார்கள். இதையும் அந்தச் சுவரில் எழுதுங்கள்.

ஆட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவில் பாதி கூடுதல். பத்தாண்டுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அந்தக் காசுக்கு விடியற்காலையில் அடையாறு வரை வரச்சொல்வது ஓட்டுநருக்கும் நியாயம் இல்லை. கட்டுப்படியாகும் கட்டணத்தை நிர்ணயித்து, முனையத்திலேயே முன்பணம் கட்டி ரசீதோடு ஏறும் ஏற்பாட்டை எல்லா நேரமும் நடத்தினால், பேரம் பேசத் தெரியாத நோயாளியும் தப்பிப்பார், ஓட்டுநருக்கும் உரிய கூலி வரும்.

இவற்றில் முதலில் எதைச் செய்வது என்று கேட்டால், அந்த ஒரு நாள் சீட்டையும் சுவரில் உள்ள படத்தையும் சொல்வேன். இரண்டுக்கும் புதிய பாலம் கட்ட வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம். சீட்டின் விலை, கவுண்ட்டர் இருக்கும் இடம், படத்தின் நகல் இவற்றை அனுப்பினால், டிக்கெட்டோடு சேர்த்துப் பின் போட்டுக் கொடுக்க நான் தயார். ஜெராக்ஸ் என் செலவு. சாத்தூரிலும் எட்டயபுரத்திலும் விளாத்திகுளத்திலும் என்னைப் போல் டிக்கெட் போடுகிறவர்களிடமும் பேசிவிட்டேன், அவர்களும் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கோவில்பட்டியிலிருந்து ஒரு டிக்கெட் கடைக்காரர்