டப்பாவில் இருக்கும் பீட்டா கரோட்டினும் முருங்கைக்கீரையும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும், கூடவே அனுப்பியிருந்த டப்பா லேபிளின் படமும் வந்து சேர்ந்தன. பேரனைப் பள்ளியில் சேர்த்தாயிற்று என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. அந்த டப்பாவிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூலைப் பெரியண்ணன் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தாய், முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரியண்ணன் அந்தக் கேப்சூலைச் சாப்பிட வேண்டாம். இன்றைக்கே நிறுத்தச் சொல். நாற்பது வருஷம் பீடி குடித்த நுரையீரல் அவருடையது. இப்போது விட்டுவிட்டார் என்பதால் மட்டும் இந்த விஷயத்தில் ஆபத்து நீங்கிவிடாது. காரணம் லேபிளின் முதல் வரியிலேயே இருக்கிறது: பீட்டா கரோட்டின், 20 மில்லிகிராம். உடம்பு வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும் தாவரச் சத்து அது.

இதே 20 மில்லிகிராமைத்தான் பின்லாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும், ரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருக்கிறவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல நாடுகளில் கண்டிருந்தார்கள். அந்தச் சத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தால் புகைப்பவர்களைக் காப்பாற்றலாமே என்று நினைத்தது நியாயம்தான். 1985இல் தொடங்கி, 50 முதல் 69 வயது வரை உள்ள, புகைப்பழக்கமுள்ள 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். சிலருக்குப் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் போலி மாத்திரை என்று ஐந்து முதல் எட்டு வருஷம் வரை கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் இதே மாதிரி இன்னொரு ஆய்வு, 18,314 பேரை வைத்து நடந்தது. புகைப்பவர்கள், புகையை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 யூனிட் வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியதைப் பார்த்து, 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னாலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். புகையை விட்டவர்களும் அதில் இருந்தார்கள் என்பதை அண்ணனிடம் அழுத்திச் சொல்.

அதே சமயத்தில் அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 22,071 பேரிடம் பன்னிரண்டு வருஷம் நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டினால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் புகைக்காதவர்கள். ஆகப் புகை பட்ட நுரையீரலில்தான் சிக்கல். அங்கே பீட்டா கரோட்டின் சிதைந்து வேறு பொருள்களாக மாறுவதும், அவை செல்களின் கட்டுப்பாட்டைக் குலைப்பதும் விலங்குச் சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது.

"முருங்கைக்கீரையிலும் அதே பீட்டா கரோட்டின்தானே, அதையும் நிறுத்தணுமா?" என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. நூறு கிராம் பச்சை முருங்கைக்கீரையில் ஏறத்தாழ 17 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் அது இலையின் செல்லுக்குள் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. குடலில் அதிலிருந்து ஒரு பகுதிதான், அதுவும் மெதுவாக, ரத்தத்துக்குப் போகும். எண்ணெயில் கரைத்த மாத்திரையில் 2 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் தரும் வைட்டமின் ஏயைப் பெற, உணவிலிருந்து 12 மைக்ரோகிராம் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பின்லாந்து ஆய்வில் மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. கீரை எவ்வளவு தின்றாலும் அங்கே போய்ச் சேர முடியாது. அதே ஆய்வில், தொடக்கத்திலேயே சாப்பாட்டின் மூலம் பீட்டா கரோட்டின் கூடுதலாகப் பெற்றவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. அண்ணன் கீரையைத் தினமும் சாப்பிடட்டும்.

இதெல்லாம் ஏன் இப்படி என்றால், ஃப்ரீ ராடிக்கல் என்பது எலக்ட்ரான் குறைந்து, பக்கத்திலிருப்பதைச் சேதப்படுத்தும் மூலக்கூறு. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது அதற்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து அதை அடக்குகிறது. கொடுத்ததும் தானே ஒரு எலக்ட்ரான் குறைந்து நிற்கிறது. ஒருவன் கடனை இன்னொருவன் தலையில் ஏற்றுவது போலத்தான். வைட்டமின் ஈயின் குறையை வைட்டமின் சி ஏற்றுக்கொள்ளும், அதன் குறையை உடம்பே தயாரிக்கும் குளூட்டாதயோன் ஏற்றுக்கொள்ளும். ஒன்றை மட்டும் மலையாகக் குவித்தால் இந்தச் சங்கிலி தடுமாறும். அதோடு ஃப்ரீ ராடிக்கலை அடியோடு ஒழித்தாலும் நமக்கு ஆகாது. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே அதை வைத்துத்தான். தசை வேலை செய்யும்போது அது உண்டாவதுதான், உடம்பு தன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டுவதற்கான தூண்டுதல். 2009இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், உடற்பயிற்சியோடு தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் சாப்பிட்ட இளைஞர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய வேண்டிய பலன் கிடைக்காமல் போனது. சாப்பிடாதவர்களுக்குக் கிடைத்தது. தங்கச்சி சர்க்கரைக்காகக் காலையில் நடக்கிறாள் என்கிறாய். நடந்துவிட்டு வந்து அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று அவளிடமும் சொல்.

லேபிளின் மற்ற வரிகளையும் பார்த்தேன். வைட்டமின் ஈ 400 யூனிட். ஒரு நாளைய தேவை 10 முதல் 15 மில்லிகிராம்தான், இது அதைப் போலப் பல மடங்கு. முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் இந்த 400 யூனிட்டைச் சோதித்தபோது, 2011 அறிக்கைப்படி, புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. பக்கத்து மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது என்பதற்காக வருஷக்கணக்கில் போட்டுக்கொள்கிற பொருள் இல்லை இது. வைட்டமின் சி 1,000 மில்லிகிராம்: நாளுக்கு 200 தாண்டினால் ரத்தத்தில் அளவு பெரிதாக ஏறாது, மிச்சம் சிறுநீரில் போகும். அதில் ஒரு பகுதி, சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்ஸலேட்டாக மாறும். உன் மூத்தவனுக்குக் கிட்னியில் கல் எடுத்தது நினைவிருக்கட்டும். ஆண்களுக்குத் தினம் 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 கணக்கு. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அரைப் பழம் தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது.

மஞ்சள் சாறு, மிளகுச் சாறு என்று போட்டிருப்பதுதான் எனக்குக் கூடுதல் கவலை. மஞ்சளின் குர்குமின் குடலில் ஏறுவது ரொம்பச் சொற்பம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் அது இருபது மடங்கு கூடியதைக் கண்டார்கள். அதிலிருந்து பல மஞ்சள் கேப்சூல்களில் மிளகு சேர்கிறது. ஆனால் பைப்பரின் வேலை செய்வது, பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதிகளை மட்டுப்படுத்தித்தான். அதே நொதிகள்தான் மருந்துகளையும் வெளியேற்றுகின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், பிரஷருக்குக் கொடுக்கும் புரொப்ரனோலால் எல்லாம் ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும். மிளகு சேர்த்த மஞ்சள் கேப்சூலால் ஈரல் வீங்கி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவுகள் உண்டு. குழம்பில் போடும் அரை ஸ்பூன் மஞ்சளுக்கும் ரசத்து மிளகுக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

கிரீன் டீ சாறும் ஈரலுக்கு அப்படியே. குடிக்கலாம், சாறாக்கி விழுங்க வேண்டாம். சாதா டீயோ கிரீன் டீயோ, சாப்பாட்டோடு மட்டும் கூடாது. டீயின் பாலிபீனால்கள் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது. மருமகள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள் அல்லவா, அதற்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். கொய்யாவோ எலுமிச்சையோ கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். டப்பாவில் 'இத்தனை ஆயிரம் ஓராக்' என்று பெரிய எண் அச்சிட்டிருக்கிறார்களே, அது ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் எடுத்த அளவு. அந்தப் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012இலேயே தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது, உடம்புக்கு அதனால் ஒன்றும் தெரியவராது என்பதால்.

இனி அடுக்களைக்கு வருகிறேன், உண்மையான வேலை அங்கேதான். ஒரே ஒரு பிரிவை நினைவில் வைத்தால் போதும். நீரில் கரைகிற சத்துக்குத் தண்ணீரும் நீண்ட சூடும் பகை. எண்ணெயில் கரைகிற சத்துக்குச் சூடும் எண்ணெயும் உதவி.

கீரையை ஆய்ந்து, முழு இலையாக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் வைட்டமின் சி வெட்டுவாய் வழியாகக் கழுவிக்கொண்டு போய்விடும். அடுப்பில் கால் டம்ளர் தண்ணீர் கொதித்ததும் கீரையைப் போட்டு, மூடி, நான்கைந்து நிமிஷம். வெந்த தண்ணீரை வடிக்காமல் அதிலேயே கடைந்துவிட வேண்டும். பச்சை நிறம் மாறாமலிருக்கச் சிலர் ஆப்பசோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும், வைட்டமின் சி போய்விடும். கடைசியில் ஆளுக்கு ஒரு டீஸ்பூன் வீதம் எண்ணெயில் தாளிக்க வேண்டும், அல்லது தேங்காய் துருவிப் போட வேண்டும். கொழுப்பே இல்லாமல் வேகவைத்த கீரையில் கரோட்டின் இருந்தும் குடலில் சரியாக ஏறாது. கொலஸ்ட்ராலுக்குப் பயந்து எண்ணெயை அறவே விட்ட வீடுகளில் நடக்கும் தவறு இது.

தக்காளியைத் தொக்காகச் சுண்ட வதக்குவதில் நஷ்டத்தைவிட லாபம் அதிகம். வேகும்போது செல் சுவர் உடைந்து, தக்காளியின் சிவப்புச் சத்தான லைக்கோபீன் எண்ணெயில் இறங்கும், அப்போதுதான் அது உடம்பில் நன்றாகச் சேரும். நெல்லிக்காய் நேர் எதிர். ரசம் வைத்தால் அடுப்பை அணைத்த பிறகு துருவிப் போடு. செம்பு, இரும்புப் பாத்திரத்தில் வைக்காதே, அந்த உலோகங்கள் வைட்டமின் சியை வேகமாகச் சிதைக்கும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட நெல்லியின் சத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குள் போயிருக்கும், அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் மோரில் கொஞ்சம் விட்டுக்கொள்ளலாம், பிரஷர்காரர்கள் உப்பைப் பார்த்துக்கொண்டு. சின்ன வெங்காயத்தில் காய்ந்த தோலை மட்டும் உரி. குவெர்செட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் வெளி அடுக்குகளில்தான் செறிந்திருக்கிறது.

கறுப்புக் கவுனி சமைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அதை முதலில் இரண்டு முறை சட்டென்று அலசிவிடு. பிறகு ஊறவைத்த தண்ணீர் காலையில் திராட்சை நிறத்தில் இருக்கும், பார்த்திருப்பாய். அந்த நிறம்தான் ஆந்தோசயனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட். பலர் அழுக்கு என்று நினைத்து அதைக் கீழே ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். ஊறிய தண்ணீரிலேயே வேகவை. அந்தத் தண்ணீரில் ஒரு துளி எலுமிச்சை விட்டுப் பார், ரோஜாச் சிவப்பாக மாறும்.

எண்ணெய் விஷயம். ஆன்டிஆக்ஸிடன்ட் முதலில் வேலை செய்யும் இடமே எண்ணெய் ஜாடிதான். நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காததற்குக் காரணம் அதிலுள்ள செசாமோலும் அதன் உறவுப் பொருள்களும். பஜ்ஜி போட்டு மிஞ்சிய எண்ணெயைப் புது எண்ணெயோடு கலக்க வேண்டாம். பழையதில் உண்டான பெராக்சைடுகள் புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். நுரை கட்டினாலோ, கறுத்துக் குழகுழத்தாலோ, முன்பைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்தது.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். வயதானால் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கு, கண் மருத்துவர் ஒரு குறிப்பிட்ட கலவையை எழுதிக்கொடுப்பார். அது பார்வை இழப்பைத் தள்ளிப்போடும் என்பது பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது. அதன் பழைய கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013க்குப் பிறகு அதற்குப் பதில், விழித்திரையிலேயே இருக்கும் நிறச் சத்துகளான லூட்டின் 10, சியாசாந்தின் 2 மில்லிகிராம் சேர்க்கிறார்கள். அண்ணனுக்கு எப்போதாவது அப்படி எழுதிக்கொடுத்தால் பீடி குடித்த கதையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல், லேபிளில் லூட்டின் என்று இருக்கிறதா என்று நீயும் பார்த்து வாங்கு.

அடுத்த மாதம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றாயே. இத்தனை நாள் வைட்டமின் ஈ 400 சாப்பிட்டதை அறுவை மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ரத்தம் இளக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீ எழுதவில்லை. அவருடைய மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராமலிங்கம்