கோத்தகிரியில் வீடு பார்க்க நவம்பரில் வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை பிறந்துவிட்டால் வரி விளம்பரங்களில் 'கோத்தகிரியில் குளுகுளு வீடு, லீசுக்கு' என்று நாலைந்தாவது தலைகாட்டும். அதைப் பார்த்து மே மாதத்தில் ஏறி வந்து, இளவெயில் அடிக்கும் ஒரு பகலில் வீட்டைப் பார்த்து, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த ஊரின் குணம் மே மாதத்தில் தெரியாது. தொட்டபெட்டா மலைக்குக் கிழக்கே இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே அடங்கியே பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் வருவதுதான் பெருமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அந்த மழையில்தான். குடிவர நினைப்பவர்கள் அந்த மாதத்தில், மழை விடாமல் பிடித்த இரண்டாம் நாளில் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும்.

வந்ததும் ஹாலுக்குள் நுழையாமல் நேரே பின்பக்கம் போங்கள். அங்கே மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரில், ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாவது தண்ணீர் வடியும் குழாய் வைத்திருக்க வேண்டும். மழைநாளில் அந்தக் குழாய்கள் சொட்டிக்கொண்டிருந்தால் நிம்மதி. சுவரெல்லாம் ஈரம் கசிந்து, குழாய் மட்டும் காய்ந்து கிடந்தால் உள்ளே மண் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மண்ணில் ஊறிய தண்ணீரின் கனம் அத்தனையும் சுவரைத்தான் தள்ளும். தூக்குக்குண்டு விட்டால் சுவர் வயிறு தள்ளியிருப்பது உடனே தெரியும். மேட்டில் பிறை போல ஓடும் வெடிப்பு, பள்ளம் பார்த்துச் சாய்ந்த மரங்கள், புதிதாகக் கிளம்பிக் கலங்கலாக ஓடும் ஊற்று: இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் வாடகை எவ்வளவு மலிவானாலும் திரும்பிவிடுங்கள்.

அடுத்து தண்ணீர். "தண்ணீருக்குப் பிரச்சினையே இல்லை" என்று எல்லா வீட்டுக்காரரும் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள்: குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, மார்ச்சில் எத்தனை நாளுக்கு? ஆளுக்கு 80 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு 2,240 லிட்டர் ஆகிறது. மொட்டை மாடியில் 500 லிட்டர் டேங்க் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிறகு போர் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கும் செல்லாது, இந்த மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குத் தடை. வெயிலை மறைக்கிறது என்று சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தைக்கூட இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அதற்கு 1955-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

ஈரத்தோடு பழகுவதுதான் நாள்பட்ட வேலை. பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். நான்கு விரற்கடை இடைவெளி விட்டால் காற்று ஓடும், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பின்பலகையில் பூஞ்சை பூத்துவிடும். பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்து அழகுபடுத்துகிறார்கள். அந்தப் பூச்சு உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்து, கடைசியில் அப்பளம் போலப் பொருமி உரியும். சுண்ணாம்பே போதும்.

சமையலறையிலும் சில கணக்குகள் மாறும். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவில்லை என்று பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. குக்கரில் ஓரிரு விசில் கூட்டுங்கள், காய்ந்த அவரையை இரவே ஊறப்போடுங்கள். சமவெளியில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் இட்லி மாவு மார்கழியில் பதினாறு மணி நேரமானாலும் அசையாமல் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, வெந்நீர் ஊற்றிய அண்டாவுக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே கம்பளியைப் போர்த்தி வைத்தால் காலையில் இட்லி உண்டு. தேங்காய் எண்ணெய் உறைந்தால் பதற வேண்டாம், அகலவாய் பாட்டிலில் வாங்கினால் கரண்டியால் எடுத்துக்கொள்ளலாம்.

குளிருக்குக் கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது தற்கொலைக்குச் சமம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலை விடுதிகளில் அப்படித் தூங்கியவர்கள் எழவே இல்லை என்ற செய்திகளை நீங்களே வெளியிட்டிருக்கிறீர்கள். கணப்பு உள்ள பழைய வீடு என்றால் மழைக்கு முன்பே புகைபோக்கியில் பறவைக் கூடு, தேன்கூடு இருக்கிறதா என்று ஆள்விட்டுப் பார்த்துவிடுங்கள். சீகை விறகானாலும் கற்பூர மர விறகானாலும் ஒரு கோடை காய்ந்தால்தான் புகையாமல் எரியும்.

இனி கரடி. கோத்தகிரியில் கரடி வேடிக்கைப் பொருள் அல்ல. எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவையே உடைக்கிற பிராணி, சமையலறை ஜன்னலை விட்டுவைக்குமா? எண்ணெய், வெல்லம், நெய் எல்லாம் இறுக்கி மூடிய டப்பாவில் இருக்க வேண்டும். பேரிக்காயையும் பட்டர் புரூட்டையும் பழுக்கவிட்டு மரத்தடியில் சிந்தவிடாதீர்கள். மிச்சம் மீதியைப் பின்பக்கத் தேயிலைக்குள் கொட்டுகிற வழக்கம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஆபத்து. இருட்டிய பிறகு நடக்க நேர்ந்தால் டார்ச்சோடு, சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள், திடுக்கிட்ட கரடிதான் பாயும். காட்டெருமை வழியில் நின்றால் ஹாரன் அடிக்காமல் அது நகரும்வரை நில்லுங்கள். நாயை இரவில் வீட்டுக்குள் கட்டுங்கள், சிறுத்தை நடமாட்டம் உண்டு.

வண்டியைப் பற்றி இரண்டே வார்த்தை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வெளிமாவட்டப் பதிவெண் வண்டி என்றால் முகவரிச் சான்றைக் காட்டி உள்ளூர்வாசி பாஸ் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மாவட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் இணையத்தில் அனுமதிச் சீட்டு (இ-பாஸ்) எடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டு உரிமையாளர்களிடமும் தரகர்களிடமும் ஒரு கோரிக்கை. விளம்பரத்தில் 'வேலி வியூ' (பள்ளத்தாக்குக் காட்சி) என்று போடும் இடத்தில், குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, டேங்க் எத்தனை லிட்டர் என்று போடுங்கள். கேட்பவருக்குப் பின்பக்கத் தடுப்புச் சுவரின் படத்தையும் அனுப்புங்கள், நவம்பர் மாதத்தில் எடுத்ததாக.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர்