பாட்டி தைத்த கிளிக்குப் பின்னால் என்ன அட்டை இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவயதில் வீட்டுச் சுவரில் பார்த்துப் பழகிய படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எழுதிவருவதை ஆர்வத்தோடு படிக்கிறோம். மேட்டி துணியில் பாட்டி தைத்த ஜோடிக் கிளி, அத்தை கோத்த மணிப் பிள்ளையார், ரவிவர்மா அச்சகத்து லட்சுமிக்கு வீட்டுப் பெண்களே சமிக்கியும் ஜரிகையும் ஒட்டிச் சேலை உடுத்திய படம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒன்று வருகிறது. பல கடிதங்கள், ‘அது இப்போது எங்கே போனதோ’ என்றுதான் முடிகின்றன.

பழைய படங்களுக்குப் பிரேம் போடுவதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். எங்களிடம் வருபவற்றில் கரையானும் வெள்ளமும் கெடுத்தவை குறைவு. கண்ணாடிக்கும் பின்அட்டைக்கும் நடுவிலேயே, சுவரில் தொங்கியபடி கெட்டவைதான் அதிகம். இதைத் தடுக்கப் பெரிய செலவு இல்லை. பிரேம் கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

வீட்டில் உள்ள பழைய பிரேம் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். பழுப்பு டேப் காய்ந்து உரிந்திருக்கும். அதற்கு அடியில் ஹார்ட்போர்டு அல்லது வைக்கோல் அட்டை. இன்னும் பழையது என்றால் கள்ளிப்பெட்டிப் பலகை. மூன்றிலும் அமிலம் உண்டு. ஆண்டுகள் போகப்போக அது படத்தாளில் இறங்கி, தாளைப் பழுப்பாக்கி, தொட்டால் அப்பளமாக நொறுங்கவைக்கும். பலகைத் துண்டுகள் சேரும் இடுக்கு வழியாகக் காற்றும் தூசியும் புகுவதால், அதற்கு நேராகப் படத்தின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கும். பலகையில் கணு இருந்த இடத்தில் வட்டமாகக் கறை இருக்கும். முன்பக்கமிருந்து பார்ப்பவர்கள் ‘படம் பழசாகிவிட்டது’ என்று நினைக்கிறார்கள். கெடுத்தது பலகை.

இன்னொரு பக்கம் கண்ணாடி. படம் கண்ணாடியை ஒட்டி இருந்தால், மழைக்காலத்தில் உள்பக்கம் பூக்கும் ஈரம் நேராகப் படத்தில் இறங்கும். புகைப்படமும் கிரேயானும் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை இவை. படத்துக்குப் பின்னால் அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு, அதாவது படத்தைத் தாங்கும் தடித்த அட்டை வேண்டும். முன்னால், அதே போர்டில் படம் தெரியும்படி நடுவில் ஜன்னல்போல் வெட்டிய மவுண்ட் வேண்டும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி அதனால் கிடைக்கும். மணி வேலைக்கும் ஜரிகை ஒட்டிய படத்துக்கும் இது போதாது. பிரேமின் உள்விளிம்பில் கட்டை கொடுத்து, மணியின் உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடை இடம் விடச் சொல்லுங்கள். ஹார்ட்போர்டு வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் கடைசியில் காவலுக்கு இருக்கட்டும், படத்தைத் தொடக் கூடாது.

படத்தை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பெரும் தவறு நடக்கிறது. தாளின் முதுகு முழுவதும் வெள்ளைப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் இறுகப் பிடித்தால் அது போக இடமில்லாமல் அலை அலையாக எழும்பும், அல்லது கிழியும். காய்ந்த பசையைத் தாள் சேதமாகாமல் எடுக்கவும் முடியாது. டபுள் சைட் டேப்பும் அப்படித்தான். அதன் பிசின் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். நல்ல தாளில் நான்கு மூலை உறைகள் மடித்து, அவற்றைப் பின்அட்டையில் ஒட்டி, படத்தைச் செருகிவிடுவதே எளிய வழி. படத்தின்மேல் ஒரு துளி பசை படாது. மூலைகளைக் காட்ட வேண்டும் என்றால் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய தாள் கீல் வைத்துத் தொங்கவிடலாம். அதற்கு மைதா பசை காய்ச்சினால் மயில்துத்தம் போடாதீர்கள். பூச்சி வராது என்று போடுவது வழக்கம்தான். ஆனால் அதிலுள்ள செம்பு தாளை விரைவாக அரித்துவிடும்.

துணி வேலைக்கு ஒட்டுவது அறவே கூடாது. பருத்தித் துணி ஒன்றைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து மவுண்ட் போர்டின்மேல் இழுத்துக் கட்டி, அதன்மேல் பாட்டியின் துணியை ஓரம் முழுவதும் சிறு தையலாகத் தைத்து நிறுத்த வேண்டும். கஞ்சி மிச்சமிருந்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும். அழுக்காக இருக்கிறதே என்று துவைக்க நினைப்பவர்கள், ஈரப் பஞ்சை ஒவ்வொரு நிற நூலின்மேலும் ஒரு நிமிடம் வைத்து எடுத்துப் பாருங்கள். பஞ்சில் துளி நிறம் ஏறினாலும் துவைக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். பழைய சிவப்பு நூல்கள் சாயம் விடுவதில் முதலிடம். கறுத்துப்போன ஜரிகையை வெள்ளி பாலிஷ் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். மேல்பூச்சு மெல்லியது, கறுப்போடு அதுவும் போய்விடும்.

தஞ்சாவூர்ப் படத்துக்கு எதிரி ஈரத்துணி. கல்லுக்கும் தங்க ரேக்குக்கும் அடியில் மேடாக இருப்பது சுக்கான் பொடியும் பசையும் கலந்த பூச்சு. தண்ணீர் பட்டால் அது இளகும். உலர்ந்த மென்தூரிகைக்கு மேல் எதுவும் தேவையில்லை. ஏ.சி. காற்று நேராகப் படும் சுவரிலும் மாட்டாதீர்கள். பலகை சுருங்கி விரியும், பூச்சு அதோடு போகாமல் வெடிக்கும். கண்ணாடி ஓவியமோ கண்ணாடியின் முதுகில் தீட்டப்பட்டது. கண்ணாடி மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தக் கண்ணாடிதான் ஓவியம்.

சாமி படங்களில் ஒன்று கவனித்திருக்கிறோம். பூஞ்சை பெரும்பாலும் கீழ்விளிம்பில்தான் தொடங்குகிறது. கண்ணாடியில் வைக்கும் ஈரச் சந்தனமும், மல்லிகைச் சரத்திலிருந்து சொட்டும் நீரும் வழிந்து சட்டத்தின் பள்ளத்தில் தேங்குவதே காரணம். பொட்டு வைக்கக் கூடாது என்று சொல்ல மாட்டோம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வையுங்கள், பூவை உதறிச் சாத்துங்கள். துடைக்கும்போது கண்ணாடியில் நேராகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள்.

பிள்ளைகள் வரைந்ததை லேமினேஷன் செய்வது இப்போது வழக்கமாகியிருக்கிறது. கிரேயான் மெழுகு, அந்தச் சூட்டில் உருகிப் பரவும். பிறகு பிளாஸ்டிக்கைப் பிரிக்க வழியே இல்லை. ஸ்கெட்ச் பேனா நிறம் வெளிச்சத்தில் சீக்கிரமே வெளுக்கும். ஜன்னலோரத்தில் ஒட்டிவைக்க அதன் நகலைப் பயன்படுத்தி, அசலைக் கோப்பில் படுக்கவையுங்கள். பின்பக்கம் 2பி பென்சிலால் மெதுவாக, யார் வரைந்தது, எந்த ஆண்டு, படத்தில் இருப்பது யார் என்று எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் அச்சுவிழும்.

சென்னையில் மாட்டும் இடம் முக்கியம். குளியலறையை ஒட்டிய சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், மேற்கு வெயில் விழும் சுவர் ஆகாது. ஈரப்பதம் 65–70 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நீடித்தாலே பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அது தாண்டாத நாள் அரிது. பிரேமின் கீழ் இரு மூலைகளிலும் ஒரு செ.மீ. தடிமனில் ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். கடற்கரைப் பகுதிகளில் இரும்பு ஆணியும் கம்பியும் துருப்பிடித்து அறும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். பிரேமுக்கு அடியில் தரையில் மாவுபோல் பொடி உதிர்ந்திருந்தால் சட்டம் உளுத்துவிட்டது. அன்றே இறக்கிப் படத்தைப் பிரித்தெடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நனைந்த படங்களை அவசரத்தில் வெயிலில் போட்டவர்கள் பலர். நனைந்த தஞ்சாவூர்ப் படம் வெயிலில் வெடித்துத் தூளாகும். முகம் மேலாகப் படுக்கவைத்து நிழலில் மெல்லக் காயவிடுங்கள். மின்விசிறி அறையில் ஓடலாம், நேராக அடிக்கக் கூடாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட தாளையோ புகைப்படத்தையோ உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே வையுங்கள். தாளில் செய்த படங்கள் நிறைய நனைந்து 48 மணி நேரத்துக்குள் காயவைக்க முடியாது என்றால், தனித்தனிப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். பூஞ்சை நிற்கும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். பலகைப் படத்துக்கும் கண்ணாடி ஓவியத்துக்கும் இந்த வழி ஆகாது.

தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கலைப்பொருள் பாதுகாப்புக்கென்றே வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1850-ல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியும் அங்கிருந்து தூரமில்லை. இரண்டும் சேர்ந்து ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்பாக, வீட்டுப் படங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒருநாள் முகாம் நடத்த வேண்டும். பிரேம் கடைப் பணியாளர்களையும் அழைத்து மூலை உறை மடிக்கவும், கஞ்சியில்லாத துணியில் தைத்து நிறுத்தவும் அங்கேயே செய்துகாட்டலாம். முகாமுக்கு வருபவர்கள் படத்தைத் தூக்கிவர வேண்டியதில்லை. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், கறை பட்ட இடம் ஆகியவற்றை ஃபிளாஷ் போடாமல் செல்பேசியில் எடுத்துவந்து காட்டினாலே பெரும்பாலானவற்றுக்கு வழி சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
பிரேம் மற்றும் பழைய படப் பராமரிப்புத் தொழிலில் உள்ளோர்,
மயிலாப்பூர், சென்னை – 4